ஏழு நிமிட நேரடி

நேரம் விலைமதிப்பற்றது என்று சொல்கிறவர்கள் யாரும் அதை விலைக்குக் கேட்டுப் பார்த்ததில்லை. நான் கேட்டிருக்கிறேன். ஏழு நிமிடம், இருபத்திரண்டாயிரம். விற்றவன் முப்பதில் தொடங்கினான். நான் ஒன்றும் பேசாமல் எழுந்து செருப்பை மாட்டினேன். இடது காலுக்கு இருபத்தேழு, வலது காலுக்கு இருபத்தைந்து, வாசல்படிக்கு இருபத்திரண்டு. தெருவில் இறங்கியிருந்தால் இருபதுக்கும் வந்திருப்பான். அன்று மழை.

வாங்கிய சரக்கு ஒரு இரும்புப் பெட்டி. முதுகில் இரண்டு துளை. ஒரு துளை வழியாகப் படம் உள்ளே போகும். ஏழு நிமிடம் கழித்து மறு துளை வழியாக வெளியே வரும். அவ்வளவுதான். அது எதற்கு என்று சொல்வதற்கு முன் ஒன்பதாம் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊருக்குள் நான் நடத்தும் கேபிள் டிவியில் ஒன்பதாம் நம்பர் சேனல் வெகுகாலம் காலியாகக் கிடந்தது. ஒரு ரோஜாப்பூ படத்தைப் போட்டு, அதன் பின்னால் வயலினை ஓடவிட்டிருந்தோம். சந்தா கட்டிய தோஷத்துக்கு அதையும் சிலர் பார்த்தார்கள். காலி இடத்தைக் கண்டால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தூக்கம் வராது. என் அப்பா கடைப் படிக்கட்டையே பூட்டு விற்கிறவனுக்கு வாடகைக்கு விட்டவர். ஆனாலும் அந்த ரோஜாவைப் பிடுங்கிப் போட்டது நான் இல்லை. என் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளை அப்போது கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் எதுவும் அகப்படாமல், ஊருக்கு வெளியே நாலு மைல் தள்ளி இருந்த மைதானத்துக்குப் போய் உள்ளூர் லீக் கால்பந்தைப் படம் பிடித்தார். மறுநாள் சாயங்காலம் ஒன்பதில் போட்டோம். மூன்று போன் வந்தது. ஒருவர் பாராட்டினார். ஒருவர் ஒலி ஏன் இல்லை என்று கேட்டார். மூன்றாவது, கோல்கீப்பரின் அம்மா. மகனின் காலுக்கு நடுவே பந்து போன இடத்தை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று கேட்டார். போன் பண்ணுகிறவர் ஒருவர் என்றால் பண்ணாமல் பார்ப்பவர் நூறு பேர் என்பது வியாபாரக் கணக்கு. மாப்பிள்ளையும் நானும் சரிபாதி என்று பேசி, சேனலுக்கு ‘மைதானம்’ என்று பெயர் வைத்தோம்.

இரண்டாம் வருடம் மைதானத்திலிருந்து விளக்குக் கம்பங்கள் மேலேயே கேபிள் இழுத்தோம். கூடவே ஒரு போன் கம்பியும். மாப்பிள்ளை மைதானத்து ஓரத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து எடுப்பார்; படம் அந்த நொடியே ஊருக்குள் வந்து விழும். திரையின் மேல் மூலையில் சிவப்பில் ‘நேரடி’ என்று போட்டோம். அந்த ஒரு வார்த்தைக்காகச் சந்தாக்காரர்கள் நானூறு பேர் கூடினார்கள்.

மூன்றாம் வருடம் விளம்பரம். அங்கேதான் இடித்தது. கால்பந்து வியாபாரிகளுக்கு ஆகாத ஆட்டம். நாற்பத்தைந்து நிமிடம் மூச்சு விடாமல் ஓடுகிறது. நடுவில் ஒரு சோப்பு விற்க வழியில்லை. விளம்பரம் போட்ட இடைவெளியில் கோல் விழுந்துவிட்டால் ஜனங்கள் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டினார்கள். ஆகவே திரையின் அடியில் ஓடும் எழுத்து வரிதான் எங்கள் பிழைப்பு. செருப்புக் கடை, பல் டாக்டர், வாடகை நாற்காலி.

அந்த வரியை ஓட்ட ஒரு அம்மாவை வேலைக்கு வைத்திருந்தேன். எழுத்தக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்ய மாட்டார். நாலு மணிக்கு வரியை ஓட்டுங்கள் என்றால் நாலு மணிக்கு ஓட்டுவார். ஒருமுறை கரண்ட் போயிருந்தது. அவருடைய நோட்டில் எழுதியிருந்தது: ‘4.00. வரி தயார். நான் தயார். கரண்ட் இல்லை.’

பெயிண்ட் கடைக்காரர் வந்தது அந்தச் சமயம். அவரோடு பேரம் பேசுவது ஒரு சுகம். இருவரும் பொய் சொல்கிறோம் என்று இருவருக்கும் தெரியும். கோல் விழுந்த அதே நொடியில் தன் கடைப் பெயர் ஓட வேண்டும் என்றார். கோல் போட்ட டீமின் சட்டை என்ன நிறமோ, எழுத்தும் அதே நிறம். தன் கடையில் எல்லா வண்ணமும் உண்டு என்று ஊருக்குத் தெரியட்டும். மற்ற நேரத்தில் ஓட்டவே கூடாது. நான் இரட்டிப்புக் கூலி கேட்டேன். சரி என்றார், ஆனால் ஒரு நொடி தப்பினாலும் அந்த மாதம் பணம் கிடையாது என்றார்.

அதனால் எழுத்தக்காவின் மேஜையில் ஒரு சின்ன டிவியை வைத்தேன். மைதானத்திலிருந்து வரும் கம்பியை நேராக அதில் மாட்டினேன். இதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, கோல் விழுந்தால் பெயிண்ட் கடை, என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போது பெட்டிக்கு வருவோம். நாலாம் வருடம் அதை வாங்கினேன். படத்தை ஏழு நிமிடம் கையில் பிடித்து வைத்துக்கொண்டால், பந்து சாக்கடையில் விழுந்ததையும் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருளுவதையும் வெட்டி எறிந்து, அந்த இடத்தில் சோப்பை வைக்கலாம். கோல் ஒன்றும் தப்பாது. வெட்டுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். விளம்பரம் நாலு மடங்கானது. மேல் மூலையில் ‘நேரடி’ அப்படியே இருந்தது.

மாப்பிள்ளைக்கு மட்டும் அது உறுத்தியது. “மச்சான், அந்த எழுத்த எடுத்துடலாமே. ஏழு நிமிஷம் பழசு. நேரடின்னு போட்டா பொய்யில்லையா?”

“காலைல பறிச்ச காய்கறியச் சாயங்காலமும் புதுசுன்னுதானே விக்கிறாங்க மாப்பிள்ளை” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினார்.

விஷயம் மூன்று பேருக்குள். நான், மாப்பிள்ளை, எழுத்தக்கா. பெட்டி வந்த அன்று எழுத்தக்கா தன் வேலை ஏதாவது மாறுகிறதா என்று கேட்டார். எதுவும் மாறவில்லை என்றேன். காதும் காதும் வைத்தமாதிரி ஏழு மாதம் ஓடியது.

பிறகு பெரிய நெட்வொர்க் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்தார். ‘மைதான’த்தை விலைக்கு வாங்கி அக்கம்பக்கத்து ஊர்களிலெல்லாம் காட்டப் போகிறார்களாம். சொன்ன தொகையைக் கேட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க நான் மேஜைக்கு அடியில் முழங்காலைக் கிள்ளிக்கொண்டேன். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்.

“மார்க்கெட்ல ஒரு டெய்லர் இருக்காராமே சார். கோல் விழறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியுதாம். பந்தயம் கட்டிப் புது மிஷினே வாங்கிட்டாராம். நேரடிங்கிறீங்க, அப்ப எப்படித் தெரியும்? உள்ள ஏதோ ஓட்டை இருக்கு. மாசக் கடைசிக்குள்ள அடைங்க. அப்புறம் கையெழுத்துப் போடலாம்.”

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை.

கணக்கு சுலபம். மைதானத்தில் முந்நூறு பேர் ஆட்டத்தை நேரில் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் நாலு மைல் கடந்து வருவதற்குள் ஏழு நிமிடம் தீர்ந்துவிடும். அங்கே இருந்து ஊருக்குள் செய்தி வர ஒரே வழி எங்கள் போன். அது தொட்டி மேல், மாப்பிள்ளையின் முழங்கைக்குப் பக்கத்தில். பெட்டி விஷயம் தெரிந்தவர் மூவர். நான் சொல்லவில்லை. எழுத்தக்கா வணக்கத்துக்கே பதில் வணக்கம் யோசித்துத்தான் சொல்வார். மூன்றில் இரண்டு போனால் ஒன்று.

சந்தேகம் வட்டிக்கு விட்ட பணம் மாதிரி. நாம் படுத்திருக்கும்போதும் அது வளரும். மாப்பிள்ளை புதுப் பேண்ட் போட்டிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒன்றல்ல, மூன்று. எங்கே தைத்தது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். மார்க்கெட் டெய்லரிடம் என்றார், கூசாமல். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுக்காத நெஞ்சு கைதேர்ந்த நெஞ்சு என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. என் தங்கை அதில் பின்னால் உட்கார்ந்து போனாள். அவள் சிரித்தது கூட எனக்குச் சாட்சியாகப் பட்டது.

அடுத்த ஞாயிறு பெட்டியைத் தானாக ஓடவிட்டு, விளம்பர வருமானம் போனால் போகிறது என்று மைதானத்துக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு ஆச்சரியம். என்ன மச்சான், ஆட்டம் பார்க்க ஆசை வந்துவிட்டதா என்று கேட்டு, தன் குடையை எனக்குக் கொடுத்துவிட்டு வெயிலில் தொட்டி மேல் ஏறினார். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். போனை அவர் தொடவே இல்லை. ஆனால் இரண்டு முறை கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார். ஒருமுறை காதைச் சொறிந்தார். சாலையில் வெள்ளை வேன் ஒன்று கொஞ்ச நேரம் நின்று போனது. முப்பத்தோராம் நிமிடம் சிவப்பு கோல் போட்டது.

திரும்பி வரும் வழியில் மார்க்கெட்டில் விசாரித்தேன். டெய்லர் அன்றைக்கும் ஜெயித்திருந்தார்.

போனைத் தொடாமலே ஜெயித்தால் என்ன அர்த்தம்? நான்தான் தப்பாகச் சந்தேகப்பட்டேன் என்று ஒரு சாதாரண மனிதன் நினைத்திருப்பான். நான் கைக்குட்டையை நினைத்தேன்.

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை கேமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்துத்தான் தொடங்கினேன், பேரம் தொடங்குகிற மாதிரி. கம்பெனிக்காரர் சொன்னது, டெய்லர், பேண்ட், ஸ்கூட்டர், வேன், கைக்குட்டை. சொல்லச் சொல்ல எனக்கே அது நல்ல வலுவான கேஸாகத் தெரிந்தது. எவ்வளவு பங்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டு முடித்தேன்.

அவர் துணியை மடித்து வைத்தார்.

“பேண்ட் தைக்கக் குடுத்தது நிஜம். அளவு எடுக்கிறப்ப அவர் என் இடுப்பத் தவிர வேற எதையும் கேக்கல” என்றார். பிறகு சாவிக் கொத்தை எடுத்து என் பக்கம் தள்ளிவைத்தார். தொட்டி ஏணிக்கு ஒன்று, கேமரா பெட்டிக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, எது எதற்கு என்று எனக்குச் சொன்னார். அந்த நிதானம்தான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. திருடன் இவ்வளவு பொறுப்பாகச் சாவி கொடுப்பானா என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி அதையும் நடிப்பு என்று போட்டேன்.

தங்கை உள்ளேயிருந்து வந்தாள். ஸ்கூட்டர் அவள் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் என்று ரசீதைக் கொண்டுவந்து வைத்தாள். ரசீதை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழக்கம்.

“அப்பா கடைல தராசு இருந்துச்சுண்ணே. உன்கிட்ட படிக்கல்லு மட்டும்தான் இருக்கு” என்றாள்.

மறு ஞாயிறு வெளியூரிலிருந்து ஒரு கேமராக்காரனைக் கூலிக்கு அமர்த்தினேன். அவனுக்கு எங்கள் ஊரில் கிழக்கு மேற்கே தெரியாது. போனையும் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். இனி டெய்லர் எப்படி ஜெயிக்கிறார் பார்ப்போம் என்று அவர் கடைக்கே போய், பின்பக்க பெஞ்சில் துணி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். என் சேனலை நான் அதுவரை ஒரு டிவியில் பார்த்ததே இல்லை. நான் பார்ப்பதெல்லாம் பெட்டிக்கு உள்ளே இருக்கும் படம். எழுத்து வரி அதன் மேல் ஒட்டுவது கடைசியில், பெட்டியைத் தாண்டி, ஊருக்குப் போகும் கம்பியில். எழுத்தக்காவுக்கு நான் முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

கடைக்குள் பத்துப் பதினைந்து பேர். சிவப்புக்கும் நீலத்துக்கும் ஆட்டம். டெய்லருக்குக் காது மந்தம். ஊரே கத்தினாலும் அவர் பாட்டுக்கு ஒரு காலரைத் தைத்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது நிமிர்ந்து திரையை ஒரு பார்வை, மறுபடி ஊசி. பந்து நடு மைதானத்தில் சும்மா உருண்டுகொண்டிருந்தது. அடியில் செருப்புக் கடை ஓடியது. பல் டாக்டர் ஓடினார். அப்புறம் நல்ல நீல எழுத்தில் ‘எல்லா வண்ணமும் எங்களிடம்’ என்று பெயிண்ட் கடை ஓடியது.

டெய்லரின் கால் நின்றது. மிஷின் நின்றது. டிராயரைத் திறந்து பணத்தை எடுத்து முன்னால் வைத்து, “நீலம்” என்றார்.

இரண்டு பேர் எதிர்த்துக் கட்டினார்கள். ஏழு நிமிடம் கழித்து நீலம் கோல் போட்டது.

கடை அலறி அடங்கியதும் நான் அவர் காதருகே குனிந்து, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தான் விற்கும் சரக்கு இன்னதென்று தெரியாத கடைக்காரனை வாடிக்கையாளர் பார்க்கும் பார்வை.

“நீங்கதானே ஓட்டுறீங்க? எனக்குக் காது கேக்காது, அதனால கீழ ஓடுறதப் படிப்பேன். பெயிண்ட் கடை வந்தா கோல் வரும். எழுத்து என்ன கலரோ அந்த டீம். ஏன் வருதுன்னு நான் கேக்கல. உங்க சேனல்ல அது ஒண்ணுதான் சொன்ன நேரத்துக்கு வருது.”

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றி ஊரில் சொல்வார்கள். அவன் நெய்க்காக யார் வீட்டுக் கதவையும் உடைக்கவில்லை. நான் உடைத்தேன்.

ஆபீசுக்கு ஓடினேன். எழுத்தக்கா சின்ன டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த டிவி இன்னும் மைதானத்துக் கம்பியிலேயே, பெட்டிக்கு முன்னாலேயே, நான் மாட்டிய இடத்திலேயே இருந்தது. பெட்டி வந்ததும் அதை நான் மாற்றி மாட்டியிருக்க வேண்டும். ஏழு மாதமாக, விழுந்த ஒவ்வொரு கோலையும் ஏழு நிமிடம் முன்னால், வீட்டுக்கு வீடு, கலர் போட்டு அறிவித்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். காது கேளாத ஒருவர் மட்டும் படித்தார். பெயிண்ட் கடைக்காரர் கூட எத்தனை முறை ஓடியது என்று எண்ணிப் பணம் கொடுத்தாரே தவிர, எப்போது ஓடியது என்று பார்த்ததில்லை.

எழுத்தக்கா நோட்டைத் திருப்பிக் காட்டினார். தேதி, மணி, நொடி, நிறம். ஒன்றும் தப்பவில்லை.

“மாறுதான்னு கேட்டேன். மாறலன்னீங்க” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

கம்பியை அன்றைக்கே மாற்றினேன். இரண்டு நிமிட வேலை. ஓட்டை அடைபட்டது, மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கம்பெனிக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தார். டெய்லர் சொன்ன கடைசி வரிக்கு மட்டும் அவர் உதடு லேசாக அசைந்தது. நான் சாவியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதை எடுக்கவில்லை. என்ன வேண்டும், சொல்லுங்கள் என்றேன். பங்கில் பத்து சதவீதம் கூட்டித் தருவதாகச் சொன்னேன். பதினைந்து என்றேன். அவர் கேட்காமலே இருபதுக்கு வந்துவிட்டேன். எனக்கு எதிரே எவனோ செருப்பு மாட்டுகிற மாதிரி இருந்தது.

“அந்த எழுத்த எடுங்க” என்றார்.

‘நேரடி’யை எடுத்தால் கம்பெனி பாதி விலைதான் தரும் என்றேன். பெட்டியை இரண்டு நிமிடத்துக்கு இறக்குகிறேன், எழுத்து இருக்கட்டும் என்றேன். ஒரு நிமிடம் என்றேன். அவர் பேசாமல் இருந்தார். பேரம் பேசுகிறவனை ஜெயிக்க என் அப்பா நாற்பது வழி சொல்லிக்கொடுத்திருந்தார். பேசாதவனுக்கு ஒரு வழியும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மேல் மூலையில் ‘ஏழு நிமிடம் முன்பு நடந்தது’ என்று ஓடியது. ஊரில் ஒரு வாரம் சிரித்தார்கள். கம்பெனிக்காரர் வந்து பார்த்து, எங்கள் சேனல்களிலும் இப்படித்தான் சார், ஆனால் யாரும் எழுதுவதில்லை என்று வருத்தத்தோடு சொல்லி, பாதி விலைக்குக் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை தொட்டி மேல் ஏறினார். ஏறுவதற்கு முன் என்னைப் பார்த்து, “கேமரா ரெடி சார்” என்றார்.

சார். ஒன்பது வருடமாக ‘மச்சான்’ என்றவர்.

அந்த வருடக் கணக்கை இப்படி முடித்தேன். வரவு: கம்பெனி கொடுத்த பாதி விலை, எழுத்தக்காவின் நோட்டு ஒன்று, பிழையில்லாதது, டெய்லர் கூலி வாங்காமல் தைத்துக்கொடுத்த பேண்ட் ஒன்று, எனக்கு, இடுப்பில் சற்றுப் பெரிது. செலவு: மீதிப் பாதி விலை, பெட்டிக்கு இருபத்திரண்டாயிரம், தங்கை வீட்டில் ஒரு நாற்காலி, நான் போனால் இப்போதெல்லாம் அவளே துடைத்துப் போடுகிறாள், விருந்தாளிக்குப் போடுவது போல. வர வேண்டிய பாக்கி: ‘மச்சான்’ ஒன்று. கேட்டு வாங்க முடியாத இனம். போன வருடம் எழுதினேன், இந்த வருடமும் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன்.